கதை கேட்கும் மூளை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கதை சொல்பவர் மூளையும் கேட்பவர் மூளையும் ஒன்றுபோல இயங்கும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: ஓரளவுக்கு நிஜம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் யூரி ஹாசன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு பெண் மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்யும் ஸ்கேனருக்குள் படுத்தபடி தன் பள்ளிக்கால அனுபவத்தைச் சொன்னார். சுமார் 15 நிமிடம், ஒத்திகை இல்லாமல், வாய்க்கு வந்தபடி. அந்தக் குரல் பதிவைக் கேட்டவர்களின் மூளையிலும், அவர் மூளை இயக்கத்தில் இருந்த அதே ஏற்ற இறக்கம் தெரிந்தது, பெரும்பாலும் சில வினாடி தாமதமாக. ஆனால் சில பகுதிகளில் கேட்பவரின் மூளை சொல்பவரையே முந்திக்கொண்டது! அப்படி முந்தியவர்களுக்குத்தான் கதையும் நன்றாகப் புரிந்திருந்தது. நாம் ‘அப்புறம்?’ என்று கேட்பதற்குள் மூளை ஓர் அப்புறத்தைத் தயார் செய்துவிடுகிறது.

கேள்வி: குரல் காதில் விழுந்ததால் வந்த ஒற்றுமையாக இருக்கலாமே?

பதில்: நல்ல சந்தேகம். அந்த ஆய்வாளர்களுக்கும் வந்தது. ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்யக் கதையைப் போட்டுப் பார்த்தார்கள். ஒற்றுமை காணாமல் போயிற்று.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. தினமும் அதே காக்கா கதைதான் வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் சண்டை.

பதில்: அவள் உங்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் காத்திருக்கிறாள். வடை வரவேண்டிய இடத்தில் போண்டா வந்தால் கோபம் வராதா? அலுக்காமல் சொல்லுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள் அதிலுள்ள புதிய சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டதாக 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

கேள்வி: நான் ஆசிரியை. பாடத்தைக் கதையாக்கினால் நினைவில் நிற்குமா?

பதில்: 1969-இல் பவர், கிளார்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களுக்குப் பட்டியலுக்குப் பத்துச் சொல்லாக 12 பட்டியல்கள் கொடுத்தார்கள். சொற்களைக் கோத்துக் கதை கட்டியவர்கள் கடைசியில் 93 சதவீதம் சொன்னார்கள். சும்மா மனப்பாடம் செய்தவர்கள் 13 சதவீதம்தான். ஒன்றைக் கவனியுங்கள்: கதையைக் கட்டியவர்கள் மாணவர்களே. அதனால் அந்த வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். கதை அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: கதை கேட்டால், ‘அன்பு ஹார்மோன்’ என்கிறார்களே, அந்த ஆக்ஸிடோசின் சுரக்குமாமே?

பதில்: விளம்பரக்காரர்கள் அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

கேள்வி: தாத்தா சொன்ன குடும்பக் கதை, அப்பா சொல்லும்போது வேறாக இருக்கிறது. யார் புளுகுகிறார்?

பதில்: இரண்டு பேருமே இல்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட் 1932-இல் எழுதிய நூலில் இதற்குப் பழைய உதாரணம் உண்டு. அமெரிக்கப் பூர்வகுடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்துத் திரும்ப எழுதச் சொன்னார். ‘கேனோ’ என்ற துடுப்புப் படகு சாதாரணப் படகாயிற்று, சீல் (கடல்நாய்) வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாத இடத்தில் தெரிந்ததைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். உங்கள் தலையிலும் இப்போது மூன்றாவது வடிவம் ஒன்று இருக்கும். அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார்.