விளக்கை மேஜையிலிருந்து இறக்குங்கள்

மும்பை செம்பூர் ஃபிளாட்டில் 4 அடி மேஜை, தீபாவளிக்கு 12 விருந்தாளிகள், பலகாரத்தோடு அகல்விளக்கும் வைக்க இடமில்லை என்கிறீர்கள். சரி, முதலில் விளக்கை இறக்கிவிடுங்கள். முறுக்கு எடுக்கக் குனியும்போது புடவைத் தலைப்பு தீயில் படலாம். பக்கத்து ஸ்டூலில் பித்தளைத் தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் வையுங்கள்.

மேஜைக்குத் துணி விரிப்பே வேண்டாம். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வாங்கி, அனலில் லேசாக வாட்டினால் கிழியாமல் படியும். டப்பாக்களைக் கவிழ்த்து மேலே தட்டு வைத்தால் உயரமும் கிடைக்கும், இடமும் மிச்சம். செண்டுமல்லியை உதிர்த்துத் தூவாதீர்கள். மிக்சருக்குள் போய்விடும் (எங்கள் வீட்டில் ஒரு மாமா மென்றே விட்டார்). முழுப் பூவாக ஓரத்தில் வையுங்கள். அப்புறம், மும்பை ஈரக்காற்றில் முறுக்கு நமுத்துப்போகும். அதைக் கடைசி நிமிடத்தில் எடுத்து வையுங்கள்.