லேமினேஷன் மட்டும் பண்ணிராதீய

அண்ணாச்சி, 1938 கிரயப் பத்திரம் மடிப்புல ஒடியுது, லேமினேஷன் பண்ணலாமான்னு கேட்டிருக்கீய. வேண்டவே வேண்டாம். சூட்டுல உருகின பிளாஸ்டிக் நாருக்குள்ள இறங்கிட்டா பிறகு பிரிக்க முடியாது. செலோ டேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகிக் கறை பிடிக்கும்.

அந்தக் காலத்து ஆலைத் தாள்ல மை பரவாம இருக்கப் பெரும்பாலும் படிகாரமும் ரோசினும் (பைன் மரப் பிசின்) சேர்ப்பாங்க. படிகாரம் ஈரத்துல அமிலமாகி, தாளோட நாரான செல்லுலோஸ் இழையை வெட்டிக்கிட்டே இருக்கும். நம்ம திருநவேலி வெக்கையில அது இன்னும் வேகம். ஆவணக் காப்பகங்கள்ல கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல நனைச்சு அமிலத்தை முறிக்கிறதுண்டு. கிட்டத்தட்ட வெத்தலைச் சுண்ணாம்புத் தெளிநீர்தான். அதுக்காக வீட்டுல கலக்கிராதீய! எழுத்து தப்பிச்சாலும் முத்திரையோட ஊதா மை ஓடிரும். எங்க வீட்டுப் பத்திரத்துல ஈரத்துணி பட்ட இடத்துல முத்திரை இன்னைக்கும் கத்தரிப்பூ மாதிரி விரிஞ்சு கிடக்கு.

முதல்ல மெதுவா விரிச்சு, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கிடுங்க. கிழிசலுக்கு ஜப்பானியத் திசுத்தாளும் (மெல்லிசா, உறுதியா இருக்கிற நார்த்தாள்) கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் சரி. ஒட்டினதை லேசா ஈரம் காட்டினா திரும்ப எடுத்துரலாம். பைண்டிங் கடை மைதாப் பசை வேண்டாம். பூச்சிக்குன்னு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பாங்க, அதுல உள்ள செம்பு தாளை இன்னும் அரிக்கும். இனிமே மடிக்காம, அமிலமில்லாத அட்டைக்குள்ள வைங்க. நீங்க தென்காசிப் பக்கம்னா சாரல் மாசத்துல பீரோவை வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீய. ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினா பூஞ்சை வந்துரும்.

பதிவான பத்திரம்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகலுக்கு இப்பவே மனு போட்டுருங்க.