'முடித்திருப்பேன்' – பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

பிரெஞ்சு வினைச்சொற்களில் பலரையும் குழப்புவது 'ஃப்யூத்யூர் ஆந்தேரியர்' என்ற காலம். வந்த கேள்விகளை வரிசைப்படுத்திப் பதில் எழுதியிருக்கிறேன். பிரெஞ்சு வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'ஃஸ' என்று வந்தால் தேனீ ரீங்கரிப்பது போல அதிரும் ஒலி. வெறும் 'ஸ' என்றால் அதிராது. 'ஓன்' என்று முடியும்போது 'ன்' நாக்கில் படாமல் மூக்கோடு நின்றுவிடும். 'இயு' என்ற இடத்தில் உதட்டை 'உ' சொல்வது போலக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், சரியாக வரும்.

கேள்வி: அக்கா, இந்தக் காலம் என்னவென்றே பிடிபடவில்லை. ஆங்கில விளக்கத்தைப் படித்தால் இன்னும் குழம்புகிறது.

அப்படியென்றால் ஆங்கிலத்தை மூடி வையுங்கள். "நாளை இந்நேரம் தேர்வை எழுதி முடித்திருப்பேன்" என்று நீங்கள் சொல்வதில்லையா? அதுதான் இது. 'முடித்திருப்பேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: முடித்து + இருப்பேன். முதல் துண்டு நடந்து முடிந்த செயல், இரண்டாவது எதிர்காலத்தில் நிற்கும் துணைவினை. பிரெஞ்சும் இதே இரண்டு துண்டுகளைத்தான் எடுக்கிறது, வரிசையை மட்டும் மாற்றிக்கொள்கிறது. 'ஜோரே ஃபினி' என்பதில் 'ஜோரே' எதிர்காலத் துணைவினை, 'ஃபினி' முடிந்த செயல். தமிழ் பேசுகிற நமக்கு இந்தக் காலம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அதை நம்பி இறங்குங்கள்.

கேள்வி: 'ஃபினிர்' (முடிப்பது) வினையை எல்லா இடத்துக்கும் எழுதிக் காட்டுவீர்களா?

ஜோரே ஃபினி (முடித்திருப்பேன்), தியு ஓரா ஃபினி (முடித்திருப்பாய்), இல் ஓரா ஃபினி (முடித்திருப்பான்), நூ ஃஸோரோன் ஃபினி (முடித்திருப்போம்), வூ ஃஸோரே ஃபினி (முடித்திருப்பீர்கள்), இல் ஃஸோரோன் ஃபினி (முடித்திருப்பார்கள்). 'ஃபினி' அசையவே இல்லை, கவனித்தீர்களா? மாறுவது துணைவினை மட்டும். இங்கே துணைவினையாக வந்திருப்பது 'அவ்வார்' (உடைமையைச் சொல்வது), வேறு சில வினைகளுக்கு 'எத்ர்' (இருப்பதைச் சொல்வது) வரும். ஆகவே இந்த இரண்டு வினைகளின் எதிர்காலம் மனப்பாடமாகிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. பிரெஞ்சின் எதிர்கால விகுதிகள் லத்தீனிலிருந்து வந்தவை. 'பாட' என்ற சொல்லோடு 'உடையேன்' என்பதைச் சேர்த்துச் சொன்னது காலப்போக்கில் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டது. 'ஜோரே'யின் வாலில் இருக்கும் 'ஏ' ஒலி, 'எனக்கு இருக்கிறது' என்று பொருள்படும் 'ஜே'யில் கேட்கும் அதே 'ஏ'தான். இதை நினைவில் வையுங்கள், கீழே ஒரு இடத்தில் உதவும்.

கேள்வி: எப்போது 'அவ்வார்', எப்போது 'எத்ர்'?

நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலமான 'பாஸே கோம்போஃஸே'யில் எது வருமோ அதுவே இங்கும். புது விதி கிடையாது. போவது, வருவது, கிளம்புவது, ஏறுவது, இறங்குவது, விழுவது, பிறப்பது, இறப்பது, தங்குவது போன்ற சில வினைகளுக்கு 'எத்ர்'. பிரெஞ்சு வகுப்புகளில் இவற்றை ஒரு வீட்டுப் படமாக வரைந்து காட்டுவார்கள்: வாசலில் நுழைவது, மாடிப்படி ஏறுவது, கீழே இறங்குவது என்று. தன்மேல் தானே செய்துகொள்ளும் வினைகளுக்கும் 'எத்ர்'தான்: 'ஜ ம ஸரே லவே' என்றால் 'எழுந்திருப்பேன்' ('ஸரே' என்பது 'எத்ர்' வினையின் எதிர்காலம்).

இறங்குவதற்கு 'எத்ர்' என்றாலும், பெட்டியை இறக்கினால் 'அவ்வார்' வந்துவிடும்: 'ஜோரே தெஸாந்தியு லா வலீஃஸ்'. தமிழில் இறங்கு–இறக்கு, ஏறு–ஏற்று என்று நாம் வேறுபடுத்துவதை அவர்கள் துணைவினையை வைத்து வேறுபடுத்துகிறார்கள். செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

காதில் விழும் வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். 'இல் ஃஸோரோன்' என்றால் அவ்வார், 'இல் ஸரோன்' என்றால் எத்ர். சொல்வதை எழுதும் தேர்வில் அந்த அதிர்வைக் கேட்கத் தவறினால் வாக்கியமே மாறிவிடும்.

கேள்வி: பெண்பால், பன்மைக்கு எழுத்து மாறுமா?

'எத்ர்' என்றால் எழுவாயைப் பார்த்து மாறும். நான் பெண் என்பதால் 'வந்திருப்பேன்' என்று எழுதும்போது 'வனியு' கடைசியில் 'இ' (e) எழுத்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். காதில் கேட்காது, தாளில் மட்டும். 'அவ்வார்' என்றால் பொதுவாக மாறாது. செயப்படுபொருள் முன்னால் வந்துவிட்டால் மட்டும் அதைப் பார்த்து மாறும்: 'நான் எழுதியிருக்கப்போகும் கடிதம்' என்பது 'லா லெத்ர் க ஜோரே எக்ரித்'. 'எக்ரி' இங்கே 'எக்ரித்' ஆனது காதிலேயே விழுகிறது.

கேள்வி: "முடித்ததும் கூப்பிடுகிறேன்" என்பதற்கு நிகழ்காலம் போட்டேன். தவறு என்றார்கள். ஏன்?

ஆங்கில வழியாக யோசித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'வென்' வந்தால் பின்னால் எதிர்காலம் போட மாட்டார்கள். பிரெஞ்சு அப்படியில்லை, நடக்கப்போவது எதுவோ அது எதிர்காலத்தில்தான் நிற்க வேண்டும். கூப்பிடுவது எதிர்காலம், முடிப்பது அதற்கும் முன்பே முடிந்துவிடும் எதிர்காலம். எனவே: 'கான் ஜோரே ஃபினி, ஜ தாப்பெல்ரே'. 'கான்' போலவே 'லோர்ஸ்க', 'தே க', 'ஓஸிதோ க', 'அப்ரே க' என்று நேரம் காட்டும் இணைப்புச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை.

இரண்டு செயலையும் செய்பவர் ஒருவரே என்றால் எளிய வழியும் உண்டு. 'முடித்துவிட்டு' என்பதற்கு 'அப்ரேஃஸ் அவ்வார் ஃபினி' போதும்.

கேள்வி: 'ஸி' வந்தால்?

"நீ முடித்திருந்தால்" என்ற நிபந்தனையில் 'ஸி'க்குப் பின் எதிர்காலம் வரவே வராது. 'ஸி தியு ஆ ஃபினி' என்று பாஸே கோம்போஃஸே போடுங்கள்.

கேள்வி: "நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" – இதுவும் இந்தக் காலம்தானே?

இல்லை. இங்கேதான் தமிழ் நம்மைக் கவிழ்க்கும். "நாளை மாலைக்குள் வந்திருப்பேன்" என்பதிலும், "சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்பதிலும் தமிழில் ஒரே சொல். முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்கவே இல்லை. பிரெஞ்சில் இவை வேறு வேறு. நடக்கப்போவதற்கு 'ஜ ஸரே வனியு'. நடக்காமல் போனதற்கு 'ஸி தியு ம லாவே தி, ஜ ஸரெ வனியு', அதாவது கோந்திஸியோனெல் பாஸே.

எழுத்தில் வித்தியாசம் 'ஸரே' முடிவில் ஒரே ஒரு 'எஸ்'. பேச்சில் பலரிடம் அதுவும் கேட்காது. நானே வீட்டுப்பாடத்தில் பக்கம் பக்கமாக இதை மாற்றி எழுதிச் சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். என்னைக் காப்பாற்றிய வழி: 'நான்' இருக்கும் இடத்தில் 'நாங்கள்' போட்டுச் சொல்லிப் பார்ப்பது. 'நூ ஸரோன்' என்று வந்தால் எதிர்காலம், எஸ் வேண்டாம். 'நூ ஸரியோன்' என்று வந்தால் எஸ் போடுங்கள். மேலே சொன்ன வாலும் இங்கே உதவும். எதிர்கால வால் 'ஜே'யிலிருந்து வந்தது, அதில் எஸ் கிடையாது. மற்றதன் வால் 'எனக்கு இருந்தது' என்ற 'ஜாவே'யிலிருந்து வந்தது, அதில் எஸ் உண்டு.

கேள்வி: 'இல் ஓரா ஊப்ளியே' என்று படித்தேன். எதிர்காலமே இல்லையே அக்கா?

தமிழில் சொல்லிப் பாருங்கள்: "மறந்திருப்பான்." நேற்று நடந்ததைப் பற்றிய நம் ஊகம்தானே அது? பிரெஞ்சிலும் அப்படியே, சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அப்புறம் இன்னொரு பயன்பாடும் உண்டு. ஒருவர் மறைந்ததும் பத்திரிகைகளில் 'இல் ஓரா மார்க்கே ஸோன் னேபோக்' போன்ற வரிகளைப் பார்க்கலாம். 'தன் காலத்தில் முத்திரை பதித்துச் சென்றார்' என்று வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கும் தொனி அது. அதிர்ந்துபோய்ச் சொல்லும் 'ஓன் னோரா தூ வியு!' என்பதும் இதே காலம்தான். "இதையும் பார்த்தாச்சு!" என்போமே, அது.

கேள்வி: "நாளை நீங்கள் வரும்போது நாங்கள் கிளம்பியிருப்போம்" – 'நூ ஃஸோரோன் பார்த்தி' என்று எழுதினேன். சரியா?

காலம் சரி, துணைவினை தவறு. கிளம்புவதற்கு 'எத்ர்': 'கான் வூ ஃஸாரிவ்ரே தமேன், நூ ஸரோன் பார்த்தி'. 'பார்த்தி' முடிவில் பன்மைக்கு ஒரு எஸ், கிளம்புகிறவர்கள் எல்லோரும் பெண்கள் என்றால் அதற்கு முன் ஒரு இ. கிளம்பியிருக்க மாட்டீர்கள் என்றால் 'ன'வும் 'பா'வும் துணைவினையை மட்டும் இருபுறமும் பிடித்துக்கொள்ளும்: 'நூ ன ஸரோன் பா பார்த்தி'.