சீன முடிச்சு – கடிதம்

வணக்கம் ஐயா,

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு சிவப்புக் கயிற்று அலங்காரம் கொண்டுவந்தான். சீனப் புத்தாண்டுக்கு அலுவலகத்தில் கொடுத்தார்களாம். சாய்சதுரமாக ஒரு முடிச்சு, கீழே குஞ்சம். 5000 வருஷத்துச் சின்னம், வாசலில் மாட்டினால் செல்வம் சேரும் என்கிறான். உண்மையா? அதன் பொருள்தான் என்ன? மாட்டலாமா?

வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் போலவே பின்பக்கமும் இருக்கும். கையால் செய்ததென்றால் முடிச்சு முழுவதும் ஒரே கயிறுதான். நீங்கள் சொல்லும் வடிவம் பெரும்பாலும் ‘பான்சாங்’. பலகையில் ஊசிகளைக் குத்தி, கயிற்றை மேலும் கீழுமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுவார்கள். பலகையிலிருந்து எடுத்தால் தொளதொளவென்று வலை மாதிரி கிடக்கும். உண்மையான வேலை அப்புறம்தான். எந்த இழையை முதலில் இழுப்பது, ஓரத்தில் காது போல நிற்கும் வளையங்களுக்கு எவ்வளவு விடுவது என்று பார்த்துப் பார்த்து இறுக்க வேண்டும். நான் முயன்றபோது ஓட்டுவதற்கு அரை மணி நேரம், இறுக்குவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆனது. கடைசியில், வடிவம் கலையாமலிருக்க, அதே நிற நூலால் கண்ணுக்குத் தெரியாமல் தையல் போடுவார்கள். உங்களுடையதிலும் தேடிப் பாருங்கள்.

சரி, வயது. சீனாவில் முடிச்சு மிகப் பழையது. எழுத்து வருமுன் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆட்சி நடத்தினார்கள் என்று ‘யி ஜிங்’ என்ற பழைய சீனக் குறிநூலின் உரையில் ஒரு வரி வருகிறது. முடிச்சு அவிழ்க்கவென்றே கொம்பிலோ எலும்பிலோ செய்த ‘ஷி’ என்ற கூர்முனைக் கருவியை இடையில் தொங்கவிட்டிருந்தார்கள். பிறகு அதையே ‘ஜேட்’ என்ற பச்சைக்கல்லில் செய்து நகையாகவும் அணிந்தார்கள். ஆனால் சுவரில் தனியாக மாட்டும் இந்த அலங்காரத்துக்கும், ‘சீன முடிச்சு’ என்ற பெயருக்கும் அவ்வளவு வயதில்லை. இப்படித் தனியாக மாட்டும் வழக்கம் வருமுன் முடிச்சு பெரும்பாலும் வேறொன்றின் துணைதான்: விசிறி, சுருக்குப்பை, இடையணி, சட்டைப் பொத்தான். இந்தக் கைவேலை மறைந்துகொண்டிருந்த காலத்தில், தைவானில் லிடியா சென் என்ற பெண்மணி பழைய பொருள்களிலிருந்த முடிச்சுகளைத் தேடி ஆராய்ந்தார். 11 அடிப்படை முடிச்சுகளாக வகுத்து, 1980களின் தொடக்கத்தில் நூலாக்கினார். இன்று கடைகளில் தொங்கும் சிவப்புக்கெல்லாம் அவருடைய உழைப்பு ஒரு பெரிய காரணம். 5000 வருஷம் என்று சொல்லும்போது அவரை மறந்துவிடுகிறோம், அது எனக்கு வருத்தம்.

பொருளுக்கு வருகிறேன். பான்சாங் பௌத்தத்தின் எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்று. தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடும் கயிறு என்பதால் முடிவின்மையைக் குறிக்கும். அதன் சமஸ்கிருதப் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஸ்ரீவத்ஸம். திருமாலின் மார்பில் உள்ள ‘திருமறு’வுக்கும் அதே பெயர். வடிவம் வேறு.

மற்ற அர்த்தங்களில் பல சீன மொழியின் சொல் விளையாட்டிலிருந்து வருபவை. மீன் வடிவில் முடிச்சிடுவது, மீனுக்கும் மிகுதிக்கும் ஒரே ஒலி (‘யூ’) என்பதால். முடிச்சைக் குறிக்கும் ‘ஜியே’ என்ற எழுத்தின் ஒரு பாதி பட்டு நூல், மறு பாதி ‘ஜி’, அதாவது மங்கலம். ‘ஜியேஹுன்’ என்றால் திருமணம், ‘ஜியேஷு’ என்றால் முடிவது. மணநாளில் இருவர் கூந்தலிலும் ஒரு கற்றையை வெட்டிச் சேர்த்துக் கட்டும் பழைய வழக்கத்துக்கு ‘ஜியேஃபா’ என்று பெயர். நம் ‘முடி’யை நினைத்துப் பாருங்கள். கூந்தலும் முடி, கட்டுவதும் முடிவதும் அதே சொல், தாலிக்கு மூன்று முடிச்சு. இரு மொழிக்கும் உறவே கிடையாது. இதை முதலில் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

செல்வம் சேருமா என்றால், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நல்லது நடக்கட்டும் என்று உங்கள் தம்பிக்குக் கொடுத்தது, அவசியம் மாட்டுங்கள். வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள், சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும்.