மூன்று மணிப் பனியில் சறுக்கிப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. ஓசூரில் வடிவமைப்புப் பொறியாளராக வேலை செய்கிறேன். இரண்டு குளிர்காலம் குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். இப்போது நிறுவனம் என்னை இரண்டு ஆண்டுகளுக்கு மியூனிக்குக்கு அனுப்புகிறது. அங்கே சொந்தமாக ஒரு ஜோடி பலகை வாங்க ஆசை. பெண்களுக்கான 'ஆல் மவுண்டன்' வகை வாங்கு என்கிறார்கள். அங்குள்ள சக ஊழியர் ஒருவர் தன் மனைவியின் பலகையைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிவிடலாமா? என் உயரம் 157 செ.மீ., எடை 55 கிலோ.
— வாசகி, ஓசூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்தப் பலகையின் மேல் நீங்கள் ஒருமுறைகூட நின்றதில்லை. அந்த ஒரு காரணமே போதும்.

என் கணவரின் வேலைக்காக நாங்கள் 11 ஆண்டுகள் மியூனிக்கில் இருந்தோம். அதில் ஏழு குளிர்காலம், சனி ஞாயிறுகளில் கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன் ஊரில் ஒரு வாடகைக் கடையின் பின்னறையில் பலகைகளின் உலோக விளிம்பைத் தீட்டி, அடிப்பக்கத்தில் மெழுகு தேய்த்தேன். படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு அடுத்த வாரமே முகம் வாடி வந்து நின்ற பெண்களை அந்த அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் பூட்ஸ் வாங்குங்கள், பலகை பிறகு. வாடகை பூட்ஸில் குதிகால் அரை விரல் மேலெழுந்தாலும் நீங்கள் திருப்பும் திருப்பம் பலகைக்குப் போய்ச் சேராது. பூட்ஸ் தளர்ந்திருப்பதைப் பலகையின் குறை என்று நினைத்துவிடுவீர்கள். பாதத்தை அளந்து, ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு போட்டுப் பார்த்து, கடையிலேயே அரை மணி நேரம் நில்லுங்கள். அந்தப் பூட்ஸை எடுத்துக்கொண்டு, பலகைகளை வாடகைக்கு எடுத்துச் சோதிக்கப் போங்கள்.

'ஆல் மவுண்டன்' என்றால் இயந்திரம் சமன்செய்த பாதையிலும், அதற்கு வெளியே கிடக்கும் கலைந்த பனியிலும் ஓரளவு ஈடுகொடுக்கும் பலகை. அதன் குணத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது இடுப்பு அகலம், அதாவது பூட்ஸுக்கு அடியில் பலகை எவ்வளவு அகலம் என்பது. இந்த வகையில் அது ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பெயரில் வரும் எண் பல நேரங்களில் அதுதான். பிளிசார்ட் நிறுவனத்தின் 'பிளாக் பேர்ல் 88' என்பதில் 88 இடுப்பு அகலம். குறுகிய இடுப்பு இறுகிய பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென மாறும். அகன்றது ஆழமான பனியில் மிதக்கும், ஆனால் இறுகிய பாதையில் விளிம்பு மாற்ற நேரம் எடுக்கும்.

நீளத்துக்கு ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமாக, ஓரம் மேலெழுந்து இருப்பதால் துடுப்பை ஒருமுறை போட்டாலே திரும்பிவிடும். நேராகப் போகவோ பரிசல்காரர் ஓயாமல் துழாவ வேண்டும். நீண்ட படகு நேராகப் போகும், திரும்ப அடம்பிடிக்கும். பலகையும் அப்படித்தான். முனை பனியைத் தொடாமல் முன்கூட்டியே மேலெழும் அமைப்பை 'ராக்கர்' என்பார்கள். ராக்கர் அதிகமான பலகை தன் நீளத்தைவிடக் குட்டையாக நடந்துகொள்ளும். உங்கள் உயரத்துக்கு 148 முதல் 157 செ.மீ. வரை எடுத்துப் பாருங்கள். ஒரே பலகையை இரண்டு நீளத்தில் சோதிக்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

பெண்களுக்கான பலகை என்பது வெறும் வண்ணப்பூச்சா என்று பலர் கேட்பார்கள். வெறும் பூச்சு என்றும் சொல்ல முடியாது, முற்றிலும் வேறு பொருள் என்றும் சொல்ல முடியாது. பல நிறுவனங்கள் இலேசான மரத்தை வைத்து, உள்ளே ஓடும் உலோகத் தகட்டைக் குறைத்து, பூட்ஸ் நிற்கும் இடத்தைச் சற்று முன்னே தள்ளுகின்றன. நார்டிகா நிறுவனத்தில் ஆண்களுக்கு 'என்ஃபோர்சர்', பெண்களுக்கு 'சான்டா ஆனா' என்று இணை வரிசைகளே உண்டு. பலகைக்குத் தெரிவது உங்கள் எடையும், வேகமும், முழங்காலை மடக்கி முன்னே சாயும் பழக்கமும்தான். 55 கிலோவில் இரண்டு பருவ அனுபவத்தோடு இருக்கும் உங்களுக்குப் பெண்கள் வரிசை பொருந்த வாய்ப்பு அதிகம். ஆனாலும் கடைக்காரர் வேறொன்றை நீட்டினால் மறுக்காமல் ஏறிப் பாருங்கள்.

இனிச் சோதனைக்கு வருகிறேன். பலகை கைக்கு வந்ததும் கட்டைவிரல் நகத்தின் மேற்புறத்தை உலோக விளிம்புக்குக் குறுக்காக மெல்ல இழுங்கள். நகத்திலிருந்து வெள்ளைத் தூள் சுரண்டி எடுத்தால் விளிம்பு தீட்டப்பட்டிருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் அங்கேயே திருப்பிக் கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். மழுங்கிய விளிம்போடு நல்ல பலகையும் மோசமாகத்தான் தெரியும். வாடகைப் பலகையில் பூட்ஸைக் கவ்வும் பைண்டிங், எல்லா அளவு பூட்ஸுக்கும் நகர்த்தும்படி தண்டவாளத்தில் இருக்கும். அதனால் சற்றுக் கனமாகவும் உயரமாகவும் தோன்றும். அந்தக் கனத்தைப் பலகையின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒரே நாளில், ஒரே இறக்கத்தில் மூன்று ஜோடிகளாவது பாருங்கள். முதல் இறக்கம் கால் பழக. இரண்டாவதில்தான் கவனிக்கத் தொடங்க வேண்டும். குறுகிய திருப்பம், நீண்ட திருப்பம், திடீர் நிறுத்தம், மிக மெதுவான இறக்கம். கடைசியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சரிவின் மேலே கொண்டுபோகும் லிஃப்டில் ஏறும்போதே சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்; மூன்றாவது ஜோடிக்கு வரும்போது முதலாவது மறந்துவிடும்.

நான் அப்படிக் குறித்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மார்ச் மாதம், கார்மிஷில் ஹவுஸ்பெர்க் சரிவு. காலை ஒன்பது மணிக்குப் பாதை சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாக இருந்தது. 78 மில்லிமீட்டர் பலகையில் இறங்கினேன். "இதுதான், வேறு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன். 88க்கு எதிரே "சுமார்" என்ற ஒரே சொல். 97க்கு எதிரே "தொடை வலிக்கிறது". பணத்தைக் கட்டிவிடலாம் என்று நினைத்தபோது, கடையில் என்னோடு வேலை செய்த பெரியவர் மூன்று மணிக்கு மறுபடி போகச் சொன்னார். அதற்குள் வெயிலில் பனி நனைந்த அஸ்கா சர்க்கரைபோலக் கட்டி கட்டியாகக் குவிந்திருந்தது. காலையில் பறந்த 78இன் முனை ஒரு குவியலுக்குள் புகுந்து சிக்கியது. முழங்கால் ஒரு கணம் உள்பக்கம் முறுக்கியது. 88 அதே குவியல்களின் மேலேறி இறங்கிப் போனது. களைத்த காலுக்கு அது தந்த நிம்மதியை இன்றும் உடம்பு மறக்கவில்லை. அதையே வாங்கினேன், ஆறு குளிர்காலம் ஓட்டினேன். காலைப் பனியில் எல்லாப் பலகையும் நல்ல பலகை. நீங்களும் பிற்பகலில், கால் தளர்ந்த பிறகு ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

இன்னொன்று, கைகூப்பிக் கேட்கிறேன்: கடையில் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றை வைத்துத்தான் பைண்டிங் எப்போது கழல வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். குறைத்துச் சொன்னால் ஓட்டத்தின் நடுவே கழன்றுவிடும். வீரம் காட்டத் திறமையைக் கூட்டிச் சொன்னால், விழும்போது கழலாமல் காலை முறுக்கும். முழங்கால் சவ்வு கிழியும் காயம் இந்த விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். திருப்புளியை எடுத்து நீங்களே பைண்டிங்கைத் திருகவும் வேண்டாம்.

மியூனிக்கிலிருந்து லெங்ரீஸ், கார்மிஷ் இரண்டுக்கும் ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். சோதித்த பலகையையே வாங்கினால் வாடகையை விலையில் கழித்துக்கொள்ளும் கடைகள் நிறைய உண்டு, கேட்டுவிட்டு எடுங்கள். பருவ முடிவில், மார்ச் ஏப்ரலில், சோதனைக்கு வைத்திருந்த பலகைகளையே விலை குறைத்து விற்பார்கள்.

சக ஊழியரின் பலகையையும் அந்த வரிசையில் ஒரு ஜோடியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பட்டறையில் காட்டி, பைண்டிங் உங்கள் பூட்ஸுக்குப் பொருந்துமா, விளிம்பில் விரிசல் உண்டா, பைண்டிங் பூட்ட எத்தனை முறை துளை போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று மணிப் பனிக்குக் கொண்டு போங்கள். அங்கே அது வென்றால் மகிழ்ச்சியாகப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: என் மகள் வெளிநாட்டிலிருந்து பனிச்சறுக்குப் பலகை கொண்டுவருகிறாள். குல்மார்க் போகும்வரை ஆறு மாதம் வீட்டில்தான் இருக்கும். நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?
— வாசகர், தருமபுரி

பதில்: தாங்கும் ஐயா, இடம் பார்த்து வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, பரண் மேலே, காருக்குள்ளே வேண்டாம். கிருஷ்ணகிரியில் என் பலகைகள் வடக்குச் சுவரோரம் நிழலான அறையில் நிற்கின்றன. ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, அடிப்பக்கம் முழுவதும் தடித்த மெழுகு பூசி, அதைச் சுரண்டாமல் விடுங்கள். உலோக விளிம்பின் மேலும் மெழுகு படட்டும், துரு ஏறாது. இரண்டு பலகைகளையும் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் மெழுகைச் சுரண்டி எடுத்தால் போதும்.

விமானத்தில் கொண்டுவருவதென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பலகைப் பையைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீளமான பைக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. பூட்ஸ் மட்டும் கைப்பையில் வரட்டும். பலகை தொலைந்தால் குல்மார்க்கில் வாடகைக்கு எடுக்கலாம். காலுக்குப் பழகிய பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்காது.