வருமானம் இல்லாத எனக்குப் பென்சன் பாலிசி தேவையா?

கேள்வி: எனக்கு வயது 38, ஊர் காவேரிப்பட்டணம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் கிடையாது. கணவர் ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு டெம்போ ஓட்டுகிறார். அம்மா வீட்டு மாந்தோப்பை விற்றதில் என் பங்காக 3 லட்சம் வந்திருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையும் வருகிறது. வருடம் 50,000 வீதம் 10 வருடம் கட்டினால் ஆயுள் முழுக்கப் பென்சன், வரியும் மிச்சம் என்று தெரிந்த ஏஜென்ட் ஒரு தனியார் கம்பெனி பாலிசியைச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. உங்கள் பெயரில் ஒரு பென்சன் கட்டாயம் வேண்டும், இந்தப் பாலிசிதான் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 3 லட்சம் ஆறு தவணைக்குத்தான் வரும். ஏழாவது வருடம் 50,000 எங்கிருந்து வரும்? தக்காளி விலை விழுந்து லோடே ஏறாத மாதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்கோட்டில் என் சித்தி இப்படித்தான் மூன்று தவணை கட்டிவிட்டு, சித்தப்பா படுத்த படுக்கையானதும் நிறுத்திவிட்டார். கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அந்த ரசீதுகளை ஒரு மஞ்சப்பையில் மடித்து பீரோவில் இன்னமும் வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வரி மிச்சம் என்பது வரி கட்டுகிறவருக்கு. உங்களுக்கு வருமானமே இல்லாதபோது மிச்சம் பிடிக்க என்ன வரி இருக்கிறது? அப்புறம், ஏஜென்ட் காட்டிய தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். போனஸ், மார்க்கெட் என்று சொல்கிற பாலிசியாக இருந்தால் பணம் வருடம் 4 சதவீதம் வளர்ந்தால் இவ்வளவு, 8 சதவீதம் வளர்ந்தால் இவ்வளவு என்று இரண்டு பத்தி இருக்கும். பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் 8 சதவீதப் பத்தியைத்தான். இரண்டுமே உறுதி கிடையாது.

உங்களுக்குப் பொருந்துவது மத்திய அரசின் பென்சன் திட்டமான அடல் பென்சன் யோஜனா. 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர், வருமான வரி கட்டாதவராக இருந்தால் சேரலாம், சம்பளச் சான்று எதுவும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை, அதனால் தள்ளிப்போடாதீர்கள். 38 வயதில் சேர்ந்து மாதம் 957 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து மாதம் 4,000 கிடைக்கும். உங்கள் உரிமைத்தொகை இதற்கே சரியாகப் போய்விடும். உங்களுக்குப் பின் கணவருக்கு அதே 4,000, அவருக்கும் பின் நாமினிக்கு 6.8 லட்சம். இதற்கு அரசு உத்தரவாதம் உண்டு. ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன்: விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 22 வருடம் கழித்து வரும் அந்த 4,000, இன்றைய 1,100 ரூபாய்க்குத்தான் சமம். ஆகவே இது மட்டும் போதாது.

அதற்குத்தான் 3 லட்சம். ஒரு லட்சத்தை டெம்போ ரிப்பேர், ஆஸ்பத்திரிச் செலவு என்று அவசரத்துக்கு வங்கியில் டெபாசிட்டாக வையுங்கள். மீதியில் தபால் நிலையத்தில் உங்கள் பெயரில் பிபிஎஃப் என்கிற, அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ஒரே வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது, இரண்டு வருடமாகப் பிரித்துப் போடுங்கள். அதன் பிறகு கை வறண்ட வருடத்தில் 500 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், பாலிசிக்கு இந்த வசதி கிடையாது. 15 வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம், வட்டிக்கு வரியும் இல்லை.

தெரிந்தவர் முகத்துக்காக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று கம்பெனிக்கே எழுதிக் கொடுங்கள். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பிவிடும். ஏஜென்டிடம் வாயால் சொன்னால் போதாது, கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.