கண்ணாடிக்குள் கடல்: பவளத் தொட்டி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பல வருடங்களாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பதில்: தொட்டி விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் போகட்டும். ஒரு சிவப்பு டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். பெரும்பாலான கடல் உயிர்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகப் புலப்படாது, அதனால் ஓடி ஒளியாது. பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த பாறையின் துளைகளிலிருந்து நூல் போன்ற கைகள் நீண்டு தண்ணீரைத் துழாவிக்கொண்டிருக்கும். அவை பிரிட்டில் ஸ்டார், நட்சத்திர மீனின் நெருங்கிய உறவு. கண்ணாடியில் உப்புத்தூள் சிதறியது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் துள்ளும். அவை கோப்பிபாட்கள் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள். இவற்றில் பலவற்றை யாரும் வாங்கி விட்டதில்லை, பாறையோடும் பவளத்தோடும் ஒட்டிக்கொண்டு வந்தவை. நாம் விட்டது ஏழெட்டு உயிர்தான், குடியிருப்பதோ நூற்றுக்கணக்கில்.

பகலில் பார்க்க வேண்டியது பிஸ்டல் இறாலும் கோபி மீனும். இந்த இறாலுக்குப் பார்வை மிகவும் மங்கல். நாள் முழுக்க மணலை வாரி வெளியே தள்ளி வளை தோண்டிக்கொண்டிருக்கும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போது தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் உடம்பில் வைத்தபடியேதான் வரும். மீன் வாலைச் சற்றுப் படபடத்தால் போதும், மறுநொடி இறால் வளைக்குள். ஆபத்து நெருங்கினால் மீனும் தலையை முன்னே விட்டு உள்ளே பாயும். இதை ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது எத்தனை பெரிய கொடுப்பினை!

இன்னொரு காரணமும் உண்டு. நாம் செய்யும் ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் இந்தத் தொட்டி பதில் சொல்லும், ஆனால் பத்து நாள் கழித்துச் சொல்லும். விளக்கைக் கொஞ்சம் ஏற்றினால் பவளத்தின் நுனி நிறம் மாறும். நீரோட்டத்தைத் திருப்பிவிட்டால் ஒரு கிளை வேறு பக்கம் வளரும். அந்தப் பதிலைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு எழுந்திருப்பதில்லை.

கேள்வி: பவளம் கல்லா, செடியா, விலங்கா? தொட்டி விளக்கு ஏன் எப்போதும் நீலமாகவே இருக்கிறது?

பதில்: விலங்கு. ஒரு வாய், அதைச் சுற்றிக் கொட்டும் உணர்கைகள், உள்ளே ஒரு வயிறு, அவ்வளவுதான் ஒரு பாலிப். ஆனால் அதன் தசைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்து பவளத்துக்குக் கொடுக்கிறது, பவளத்தின் கழிவைத் தன் உரமாக எடுத்துக்கொள்கிறது. கல்பவளங்கள் காலடியில் சுண்ணாம்பை இறக்கி எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டே மேலேறும். ஆக, உங்கள் கேள்வியில் உள்ள மூன்றுமே ஓரளவு சரி.

கடலில் ஆழம் கூடக்கூடச் சிவப்பு ஒளி முதலில் மறைந்துவிடும், நீலம்தான் கீழே வரை போகும். பாசியின் நிறமிகளும் 400 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். அதே நீல ஒளியில்தான் பவளத்தின் ஒளிர்புரதங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னும். இது வெறும் கண்காட்சி அல்ல. உயிரியல் ஆய்வகங்களில் செல்களைச் சிவப்பாக ஒளிரவைத்துப் பார்க்கப் பயன்படும் புரதத்தின் மரபணு, 1999-இல் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து எடுக்கப்பட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் வாங்கும் பவளங்களில் அதுவும் ஒன்று.

அளவு சொல்வதானால், காளான் பவளம், தோல்பவளம் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 பார் (பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு), அக்ரோபோரா போன்ற கிளைவிடும் கல்பவளங்களுக்கு 250 முதல் 350 பார் போதும். பார் மீட்டரை இரவல் வாங்கியாவது ஒருமுறை அளந்துவிடுங்கள், கண்ணால் இதைக் கணிக்க முடியாது. புதுப் பவளத்தைத் தொட்டியின் அடியில் வைத்து, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக மேலே ஏற்றுங்கள். ஒளி திடீரென்று அதிகமானால் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும்.

கேள்வி: முதல் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எந்த வரிசையில் தொடங்குவது?

பதில்: 150 முதல் 200 லிட்டர். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு) உப்புள்ள 100 லிட்டரில் 5 லிட்டர் ஆவியானால் உப்பு 36.8 ஆகும். அதே 5 லிட்டர் 40 லிட்டர் தொட்டியில் போனால் 40-ஆகிவிடும், பவளம் சுருங்கிவிடும். குறைந்த தண்ணீரை எப்போதும் நன்னீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்புநீரால் அல்ல. தானாக நிரப்பும் மிதவைக் கருவி ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். இன்னொன்று, 200 லிட்டர் தொட்டி பாறை, மணல், கண்ணாடியோடு 250 கிலோவைத் தாண்டும். தரையும் மேசையும் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆர்ஓ, டிஐ (மிச்ச அயனிகளை நீக்கும் பிசின் வடிகட்டி) இரண்டிலும் வடிகட்டியதாக, கரைந்த பொருள்களின் அளவான டிடிஎஸ் பூஜ்யமாக இருக்கட்டும். குழாய் நீரில் தாமிரமும் பாஸ்பேட்டும் வரலாம். தாமிரம் இறால், நத்தை, பவளம் மூன்றுக்கும் விஷம். கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் வரை, தண்ணீரில் உப்பைப் போட்டு பம்பால் கலக்குங்கள். உப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை நன்னீரில் பூஜ்யம் பார்த்துவிட்டு நம்பாதீர்கள், 35 பிபிடி தர நீர்மத்தால் சரிபாருங்கள். வெப்பம் 25 முதல் 27 டிகிரி.

பிறகு பாறை. 1961-இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் கொண்டே தொட்டியை நிலைநிறுத்த முடியும் என்று எழுதிக் காட்டினார். அந்தப் பாறைதான் இன்றைக்கும் நமது வடிகட்டி. அதன் துளைகளில் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். உலர்ந்த பாறையானால் அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரை சேர்த்துவிட்டுக் காத்திருங்கள். அது 24 மணி நேரத்தில் பூஜ்யமாகும் நாள் வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை மீன் வேண்டாம். பதறாத காரியம் சிதறாது என்பது இந்தத் தொழிலுக்காகவே சொன்னது போலிருக்கும். அடுத்த இரண்டு மூன்று மாதம் முதலில் பழுப்புத் துகள், பிறகு பச்சை முடிப்பாசி என்று தொட்டி அசிங்கமாகத்தான் இருக்கும். நத்தைகளை வாங்கி விடுங்கள், பாசியைக் கையால் பிடுங்குங்கள், மருந்து ஊற்றாதீர்கள்.

கேள்வி: இரண்டு க்ளௌன் மீன் வாங்கப் போகிறேன். ஆண் எது, பெண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கண்டுபிடிக்கத் தேவையில்லை. எல்லாக் குஞ்சும் முதலில் ஆண் வழியில்தான் வளரும். ஜோடியில் பெரியது பின்னால் பெண்ணாக மாறும். அளவில் வித்தியாசமுள்ள இரண்டு குட்டிகளைச் சேர்த்து விடுங்கள், மிச்சத்தை அவையே பேசி முடித்துக்கொள்ளும். சிறியது உடம்பைக் குலுக்கிப் பணிந்தால் ஜோடி அமைந்துவிட்டது.

கேள்வி: கால்சியம் எவ்வளவு ஊற்றினாலும் 350 பிபிஎம்மைத் தாண்ட மறுக்கிறது. நேற்று தண்ணீரே பால் போல் வெளுத்துவிட்டது. பம்பிலும் ஹீட்டரிலும் வெள்ளைச் செதில். என்ன தவறு?

பதில்: ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். முதலில் மக்னீசியத்தை அளந்து பாருங்கள், 1,200-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் எப்போதும் அளவுக்கு மீறிக் கரைந்தே இருக்கின்றன. படியத் தொடங்கும் சுண்ணாம்புப் படிகத்தின்மேல் மக்னீசியம் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுப்பதால்தான் அவை கரைந்து நிற்கின்றன. மக்னீசியம் குறைந்தால் நீங்கள் ஊற்றும் கால்சியம் பவளத்துக்குப் போகாமல் பம்பின்மேல் போய் உட்காரும். ஒரு நாளைக்கு 100 பிபிஎம்முக்கு மேல் போகாமல் 1,300 வரை ஏற்றுங்கள். அதற்குப் பிறகுதான் கால்சியம்.

அடுத்து ஆல்கலினிட்டி, அதாவது நீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு (அலகு டிகேஎச்). அது 12 டிகேஎச் போல உயர்ந்திருந்தாலும் இதே பால்நிறம் வரும். 8 முதல் 9 போதும். பவளம் எலும்புக்கூடு கட்டக் கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டையும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கிறது, 1 டிகேஎச் குறைந்தால் கால்சியம் 7 பிபிஎம் குறையும். எனவே தினமும் கால்சியத்தை அளக்க வேண்டாம், ஆல்கலினிட்டியை அளந்தால் மற்றது தெரிந்துவிடும்.

கணக்கு இப்படி. தொட்டியில் உண்மையான தண்ணீர் 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம் (பாறையும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்த பிறகு). ஆல்கலினிட்டி திங்கட்கிழமை காலை 8.6, புதன் காலை அதே நேரத்தில் 7.8. இரண்டு நாளில் 0.8, அதாவது நாளுக்கு 0.4. நூறு லிட்டரை 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா வேண்டும், ஆக நாளுக்கு 1.2 கிராம். பேக்கிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், அது வேறு பொருள். ஈடாகக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் நாளுக்கு 1 கிராம். இரண்டையும் தனித்தனியே ஆர்ஓ நீரில் கரைத்து, ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும், நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரே நேரத்தில் ஊற்றினால் மறுபடி பால்தான். எத்தனை தேவையிருந்தாலும் நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள், அக்ரோபோராவின் தசை நுனியிலிருந்து கருகிவிடும்.

வெள்ளைச் செதிலை நீக்க, பம்பைக் கழற்றி ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

கேள்வி: நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டேன். ஆனாலும் மணல்மேல் பழுப்புச் சளி படர்கிறது, குமிழி வேறு. இன்னும் எதைக் குறைப்பது?

பதில்: குறைத்ததுதான் கோளாறு. அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரியாக இருக்கலாம். சளியில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காகிதத் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழைஇழையாகத் திரண்டால் அதுதான். பாஸ்பேட்டை உறிஞ்சும் சரக்கை எடுத்துவிட்டு, நைட்ரேட்டை 5 பிபிஎம்முக்கும் பாஸ்பேட்டை 0.05 பிபிஎம்முக்கும் கொண்டுவாருங்கள். நூறு லிட்டருக்கு 0.7 கிராம் சோடியம் நைட்ரேட் 5 பிபிஎம் தரும். சத்து இருந்தால் மற்ற பாசிகளும் பாக்டீரியாக்களும் போட்டிக்கு வந்து இடத்தைப் பிடிக்கும். சில வாரம் ஆகும். இந்த நேரத்தில் பொறுமை இழந்து தண்ணீரை அடிக்கடி மாற்றினால் இன்னும் பரவும்.

கேள்வி: மின்சாரம் போய்விட்டால் முதலில் எதைக் காப்பாற்றுவது?

பதில்: ஆக்சிஜனை. விளக்கும், கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மரும் ஒரு நாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீர் அசையாவிட்டால் சில மணி நேரத்தில் மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைத் தொட்டியோடு எப்போதும் வைத்திருங்கள். மின்தடையில் மீனுக்குத் தீனி போடாதீர்கள். இன்னொரு விபத்து: பம்ப் நின்றதும் மேல்தொட்டி நீர் குழாய் வழியே, கீழே உள்ள வடிகட்டித் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பி ஓடித் தரை நனையும். திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். இதைத் தொட்டி அமைத்த அன்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: சோயாந்திட் என்ற பவள வகை படர்ந்த பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. சோயாந்திட், பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்க வைத்தால் ஆவியோடு மூச்சில் போய்விடும். உலர்த்திச் சுரண்டினாலும் வெட்டும்போது சாறு தெறித்தாலும் ஆபத்துதான். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். வேலை செய்த பிறகு மூச்சுத் திணறலோ, வாயில் உலோகச் சுவையோ, கண் எரிச்சலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய் பாலிடாக்சின் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நம் ஆசைக்காகக் கடலைச் சுரண்டுகிறோமோ என்று உறுத்துகிறது.

பதில்: நியாயமான உறுத்தல். கல்பவளங்களின் சர்வதேச வணிகம் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, அப்படியிருக்க வேண்டியதுதான். வாங்கும்போதே கேளுங்கள், தொட்டியில் பிறந்த மீனா, தொட்டியில் வெட்டி வளர்த்த பவளமா என்று. க்ளௌன் மீன் இன்று தாராளமாகத் தொட்டியிலேயே பிறக்கிறது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் நிலவொளியையும் பருவ வெப்பத்தையும் செயற்கையாக உண்டாக்கி அக்ரோபோராக்களை முட்டையிட வைத்தார்கள், 2017-இல் அந்த ஆய்வு வெளியானது.

வீட்டில் செய்ய முடிந்தது வெட்டி வளர்ப்பது. கிளைப் பவளத்தில் 3 சென்டிமீட்டர் நுனியை எலும்பு வெட்டியால் ஒரே அழுத்தில் நறுக்குங்கள். வெட்டிய அடிப்பகுதியைத் துடைத்து, ஜெல் வகை சூப்பர் குளூவை ஒரு பட்டாணி அளவு வைத்து, சுண்ணாம்பு வில்லையில் பதித்து, தண்ணீருக்குள் இறக்கி அசையாமல் அரை நிமிடம் பிடியுங்கள். மிதமான ஒளியில் இரண்டு மூன்று வாரத்தில் அடி விளிம்பு மெல்லிய தோலாக வில்லைமேல் படரத் தொடங்கும், அது பிடித்துக்கொண்டதற்கு அடையாளம். முதல் துண்டை இந்த வேலையில் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். நாளை உங்கள் தொட்டியில் ஏதாவது நடந்து எல்லாம் போய்விட்டால், அதே பவளத்தின் ஒரு கிளையை அவர் உங்களுக்குத் திருப்பித் தருவார்.